இடது விலா

சீடன் குருவைத் தேடிப் போவதுதான் வழக்கம். ஆவுடையப்பன் தேடிப் போனது குருவின் எதிராளியை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

குரு இறந்து போயிருந்தார்.

மாசானம் ஆசான் என்றால் ஆற்றுக்கு இந்தக் கரையில் தெரியாதவர் கிடையாது. சிலம்பக் கூடம் வைத்து நடத்தியவர். ஆவுடையப்பன் அவருக்குச் சீடன்தான், ஆனாலும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இளவட்டமாக இருந்தபோது ஒருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், மற்றவர் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துப் போனது.

கூடத்துக்குள் இருக்கும்வரை ஆவுடையப்பன் அவரை 'ஆசானே' என்பார். வெளியே வந்து செருப்பை மாட்டிவிட்டால் 'என்ன வே மாசானம்' என்பார். ஆசானும் அதைக் கேட்பதற்காகவே செருப்பை அவசர அவசரமாக மாட்டுவார்.

சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் வாய்க்கால் பாலத்துச் சுவரில் போய் உட்காருவார்கள். ஆசான் சட்டைப் பையில் பொரிகடலை வைத்திருப்பார். தானும் தின்றுகொண்டு, கேட்காமலே ஆவுடையப்பன் கையிலும் கொட்டுவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச ஆள் கிடைப்பது சுலபம், பேசாமல் கூட உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அது ஆவுடையப்பனுக்கு அந்த ஆள் போன பிறகுதான் தெரிந்தது.

மார்கழியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்த ஆசான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஆவுடையப்பன் அழவில்லை. காரியங்களை எல்லாம் முன்னால் நின்று செய்தார். பந்தல்காரனிடம் பேசியதும் அவர்தான், வந்தவர்களுக்குக் காப்பி சொன்னதும் அவர்தான். மறு வாரமே கூடத்தைத் திறந்தார். பிள்ளைகள் வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். எல்லாம் நடந்தது. பாலத்துப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. வீட்டுக்குச் சுற்று வழியில் போனார். அந்த வழியில் நாய்த் தொல்லை அதிகம். பரவாயில்லை என்று போனார்.

அந்தக் கூடத்தில் ஒரு முறை உண்டு. ஆசான் இறந்தால், வருஷம் திரும்பித் தலைத் திவசம் வரும்வரை அவருடைய கம்பு சுவரில் அப்படியே இருக்கும், யாரும் தொடக் கூடாது. திவசத்தன்று மூத்த சீடன் அதை எடுத்து ஒரு சுற்று ஆட வேண்டும். ஆடிவிட்டால் அன்றிலிருந்து அவர்தான் ஆசான். எடுக்க ஆளில்லை என்றால் கம்பை ஆற்றில் விட்டுவிட்டுக் கூடத்தைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

ஆவுடையப்பன்தான் எடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. திவசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அதில்தான் எல்லாம் கெட்டது.

கொடையில் இரு கரைக் கூடங்களும் ஆடும். அக்கரைக் கூடம் மீரான் ஆசானுடையது. மாசானம் கூடம் எப்போதும் ஜோடி ஆட்டத்துக்குத்தான் ஆள் அனுப்பும். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆசானும் ஆவுடையப்பனும் ஜோடியாக இறங்கிய காலத்தில், வெற்றிலை வாங்கப் போனவன்கூட வெற்றிலையை விட்டுவிட்டு ஓடி வருவான்.

இந்த வருஷம் ஆவுடையப்பன் பிள்ளைகளைத் தனி ஆட்டத்துக்கு அனுப்பினார். காரணம் கேட்டவர்களிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. காரணம் அதுதான்.

கம்பு நுனியில் துணியைச் சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொள்வார்கள். ஆடுகிறவர்கள் போட்டிருப்பது கறுப்புப் பனியன். எங்கே வெள்ளை விழுகிறதோ அங்கே அடி விழுந்ததாக அர்த்தம். ஆட்டம் முடிந்து ஆவுடையப்பனின் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோரும் தோற்றிருந்தார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் இடது விலாவில், அக்குளுக்குக் கீழே, ஒரே இடத்தில் வெள்ளை. வேறு எங்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"டெய்லரு எல்லாருக்கும் ஒரே இடத்துல பை வச்சுத் தச்சிருக்காரு டோய்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஊரே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி இசக்கியம்மாளைக் கூப்பிட்டுக் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்.

"என்னைக் குத்து."

"கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு?"

"குத்துன்னா குத்து. எங்க வேணாலும்."

அவளுக்குச் சிலம்பம் தெரியாது. உலக்கையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். தலைக்கு நீட்டினாள், தட்டிவிட்டார். காலுக்கு நீட்டினாள், தட்டிவிட்டார். வலப்பக்கம் நீட்டியதையும் தட்டிவிட்டார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்ற எரிச்சலில் கடைசியாக இடப்பக்கம் ஒரு நீட்டு நீட்டினாள். விலாவில் போய் முட்டியது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் முட்டியது.

"இந்தப் பக்கம் உங்களுக்குக் கதவே இல்லியே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆவுடையப்பன் கூடத்தைத் திறந்து தனியாக நின்று பார்த்தார். எதிரில் ஒருவன் நிற்பதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் கம்பைச் சுழற்றிப் பார்த்தார். பாதி வழியில் மணிக்கட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் வீசினால் யார் மேலோ பட்டுவிடும் என்பது போலக் கை தயங்கியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கை வரவில்லை.

அப்படியானால் இதை ஆசான் தனக்குச் சொல்லியே கொடுக்கவில்லை என்று நினைத்தார்.

டீக்கடையில் இதை வேறு மாதிரிச் சொன்னார்கள்.

"பூனை புலிக்கு எல்லா வித்தையும் சொல்லிக்குடுத்துச்சாம். மரம் ஏறுறதை மட்டும் தனக்குன்னு வச்சுக்கிட்டுதாம். மாசானம் லேசுப்பட்ட ஆளா?"

சொன்னவர் ஆவுடையப்பன் பெஞ்சில் இருப்பதைப் பார்த்ததும் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

ஆசான்மார் ஒன்றிரண்டைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது உலகத்தில் உள்ளதுதான். நாளைக்கே சீடன் எதிரில் வந்து நின்றால் ஏதாவது வேண்டுமே. அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆவுடையப்பனும் சொல்ல மாட்டார். ஆனால் அது சீடனுக்குச் செய்வது. சிநேகிதனுக்குமா செய்வார்கள்?

தோற்றது அவருக்கு வலிக்கவில்லை. பிள்ளைகள் இன்றைக்குத் தோற்பார்கள், நாளைக்கு ஜெயிப்பார்கள். அத்தனை வருஷமும் பாலத்துச் சுவரில் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்ற ஆள், என்றைக்காவது இவன் எதிரியாவான் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் தின்றாரோ என்ற நினைப்புதான் வலித்தது. செத்தவரை ஒரு தடவை பறிகொடுத்தாயிற்று. வாழ்ந்தவரையும் சேர்த்துப் பறிகொடுக்க வேண்டுமோ என்று பயந்தார். அந்தப் பயத்தைச் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை. சொல்கிற ஆளிடம்தான் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனார்.

மீரான் ஆசானுக்குத் தொழில் சமையல். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிற பண்டாரி. அன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டுக் கொல்லையில், புகைக்கு நடுவில், ஆள் உயரத் துடுப்பால் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைப் பார்த்ததும் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"வாரும் வே. உம்ம பிள்ளைகளை அடிச்சதுக்குச் சண்டைக்கு வந்தீராக்கும்?"

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும்."

"கேளும். இங்க கையைச் சும்மா வச்சுக்கிட்டு யாரும் நிக்கப்படாது. அந்த உள்ளியை உரிச்சுக்கிட்டே கேளும்."

ஒரு சாக்கு நிறையச் சின்ன வெங்காயம் கிடந்தது. ஆவுடையப்பன் ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் உரித்த பிறகு கேட்டார்.

"மாசானம் ஆசான் எனக்கு ஒண்ணை மறைச்சுட்டாரா?"

"அதை எதிராளிகிட்ட வந்து கேக்கீரே."

"நான் பக்கத்துல நின்னவன். நீங்கதான் எதிர்ல நின்னவங்க. அவரை முழுசாப் பாத்தது நீங்கதான்."

மீரான் துடுப்பை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கிளறினார்.

"மறைச்சிருந்தா என்ன செய்வீரு?"

"வெள்ளிக்கிழமை திவசம். கம்பை எடுக்க மாட்டேன். ஆத்துல விட்டுட்டுக் கூடத்தைப் பூட்டிருவேன்."

"மறைக்கலைன்னா?"

"அப்பவும் இந்த ஓட்டை எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்லா?"

மீரான் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். உப்புப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போட்டார்.

"அவரு போனதுக்கு நீரு அழுதீரா?"

"இல்ல."

"இப்ப அழுவுதீரு."

"உள்ளி."

"சரி, உள்ளியாவே இருக்கட்டும். சாக்கு நெறைய இருக்கு, ஆற அமர உரியும்."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு உரித்தார். சாக்கில் பாதி குறைகிற வரையில் மீரான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, புதுசாக வந்த சமையல் ஆள் இப்படியா அழுவான் என்று நினைத்துக்கொண்டு போனார்.

கறி வெந்ததும் மீரான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எந்திரியும். ஏ காசிம், நீயும் வா."

காசிம் மீரானோடு வெகுகாலமாகச் சமைக்கிறவர், கம்பிலும் கெட்டிக்காரர். மீரான் ஒரு துடுப்பை அவர் கையில் கொடுத்தார், காம்பு நுனியை மஞ்சள்தூளில் தோய்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்றை ஆவுடையப்பனிடம் கொடுத்தார்.

"போடு காசிம்."

காசிம் சுற்றி வந்தார். மேலே, கீழே, வலப்பக்கம் எல்லாம் ஆவுடையப்பன் தடுத்தார். இடப்பக்கம் திரும்பிய முதல் வீச்சிலேயே வெள்ளைச் சட்டையில் இடது விலாவில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"இருக்கட்டும்" என்ற மீரான் இன்னொரு துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து ஆவுடையப்பனின் இடப்பக்கம் நின்றார். தோளோடு தோள் உரசுகிற மாதிரி நின்றார்.

வருஷம் முடியப் போகிறது, அந்தப் பக்கம் ஒரு தோள் வந்து.

"இப்பப் போடு."

காசிம் அதே இடத்துக்கு வீசினார். மீரானின் துடுப்பு வந்து குறுக்கே விழுந்தது. சட்டென்று காசிம் திரும்பி, ஆவுடையப்பனை விட்டுவிட்டு மீரானின் வலது விலாவுக்கு இறக்கினார். மீரான் அசையவே இல்லை. ஆவுடையப்பனின் துடுப்பு அங்கே வந்து அதைத் தடுத்திருந்தது. எப்போது வந்தது என்று ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை.

"இப்ப என்னையக் காப்பாத்தினது யாரு காசிம்?"

"அவருதான்."

மீரான் ஆவுடையப்பனிடம் திரும்பினார். "நான் உமக்கு ஆசானும் இல்ல, சிநேகிதனும் இல்ல. உம்மை அடிச்சா சந்தோசப்படுற ஆளு. உம்ம கை எதுக்கு வே என்கிட்ட வந்துச்சு?"

ஆவுடையப்பன் தன் கையில் இருந்த துடுப்பைப் பார்த்தார்.

"உமக்குப் பாடம் சொல்லும்போது மாசானம் எங்க நிப்பாரு?"

"என் இடப்பக்கம்."

"நீரு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது?"

ஆவுடையப்பன் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. "அவனுவ இடப்பக்கம்தான்."

"ஆளு நிக்கிற எடத்துக்கு எவனாவது வேலி போடுவானா வே? அவரு ஒண்ணையும் மறைக்கல. அந்தப் பக்கம் அவரு நின்னாரு. உம்ம கை தெரிஞ்சு விலகிக்கிட்டுது, அவரு மேல பட்டுரக் கூடாதுன்னு. நீரு ஜோடிக்கு உள்ளதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்துட்டு, ஒத்தை ஒத்தையா இறக்கி விட்டுட்டீரு. எங்க ஆளுகளுக்கு வேலை சுலபமாப் போச்சு."

மீரான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பக்கத்தில் நின்றால் தேவலை என்று ஆவுடையப்பனுக்கு இருந்தது. கேட்க முடியுமா? அரிசி போடுகிற பக்குவம் வந்துவிட்டது. மீரான் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டார். இடப்பக்கம் மறுபடியும் காலியானது.

"பிள்ளைகளுக்கு எதிர்ல நின்னு சொல்லிக்குடும்" என்று அங்கிருந்தே சொன்னார். "கொஞ்ச நாள்ல அடைஞ்சிரும். அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல."

"சரி அண்ணாச்சி."

"கம்பு?"

"எடுத்துக்கிடுதேன்."

வந்த வேலை முடிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். ஆவுடையப்பன் மறுபடியும் போய் மணையில் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தார். வெளியே நாதஸ்வரக்காரர்கள் யாரோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்டு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"அண்ணாச்சி."

"இன்னும் என்ன?"

"பிள்ளைகளுக்குச் சரி. எனக்கு?"

"உமக்கு என்ன?"

"நானும் அடைக்கணும்லா. அவரு வரப் போறதில்ல. வீணாத் தொறந்து போட்டுக்கிட்டுக் கெடந்தா, போற வாறவன்லாம் அடிப்பான். எங்க வீட்டுக்காரி அடிச்சுட்டா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அடைக்கணும்னு கம்பை வீசுனா கை போக மாட்டேங்குது. எனக்கு வாழவே பிடிக்கலை அண்ணாச்சி. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மீரான் அரிசியைத் தூவி முடித்தார். ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"ஒரு வருசம் உமக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே?"

"ஆமா. அந்த வருசம் உங்க கரையில தர்கா கந்தூரிக்கு ஆட்டம் நடக்கலையே. மழையில நின்னு போச்சு."

"யாரு சொன்னா?"

"ஆசான்தான்."

"மழையா?" மீரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்டையைப் பொளக்குற வெயிலு வே அன்னைக்கு. அவரு வந்தாரு, ஒத்தையில. நீரு படுக்கையில கெடந்து வெசனப்படுவீருன்னு மழையைப் பேய வச்சிருக்காரு."

ஆவுடையப்பன் உரிப்பதை நிறுத்தினார்.

"ஒத்தைக்கு ஒத்தை நானும் அவரும் ஆடினது அந்த ஒரு தடவைதான். நான்தான் ஜெயிச்சேன்."

"அவரையா? எப்படி?"

"வலது விலா. திருவிழாக் கோயில் மாதிரித் தொறந்து கெடந்துச்சு. நான் அங்கயே திரும்பத் திரும்பப் போட்டேன். அவரு பனியன்ல வேற எங்கயும் சுண்ணாம்பு இல்ல."

ஆவுடையப்பன் கையில் இருந்த வெங்காயம் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பேரும் மோர் குடிச்சோம். எனக்கு மனசு கேக்கல. எதிராளியா இருந்தாலும் சொல்லுதேன் மாசானம், வலப்பக்கம் ஓட்டையா இருக்கு, அதை அடைச்சிக்கிடும்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'அது எனக்குத் தெரியாதா மீரான்'னாரு. 'அடைச்சுட்டா ஆவுடை வந்து எங்க நிப்பான்?'"